சிடி28-ஐத் தூண்ட எதை வாங்கலாம்? பிளேட், பீட்ஸ், ரெடிமேட் கரைசல்: ஓர் ஒப்பீடு

பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் டி செல் (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு) வேலையில் இருக்கும் தம்பி தங்கைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். மானியம் வந்துவிட்டது, எஸ்வி (ஆய்வு வழிகாட்டி) "லிஸ்ட் கொடு" என்று சொல்லிவிட்டார், காட்லாக்கில் சிடி28 (டி செல்லின் மேல் இருக்கும் ஓர் ஏற்பி) ஆன்டிபாடி என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. ஒன்று ப்யூரிஃபைட், ஒன்று ஃபங்ஷனல் கிரேட் (உயிருள்ள செல்லில் போடத் தக்கது), ஒன்று நிறம் ஒட்டியது, ஒன்று பீட்ஸில் (நுண் உருண்டைகளில்) பூசியது. விலைகளுக்குள் ஒரு சம்பந்தமும் இல்லை. எதை எடுப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆய்வுக் கேள்வியே துணைத் தூண்டலைப் பற்றியது என்றால் பழைய முறைதான்: பிளேட்டில் (சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில்) பூசிய சிடி3 ஆன்டிபாடி, அதன்மேல் கரைசலாகச் சிடி28 ஆன்டிபாடி. கேள்வி வேறு எதையோ பற்றியது, அதற்கு டி செல் நிறைய வேண்டும், அவ்வளவுதான் என்றால் பீட்ஸ் அல்லது ரெடிமேட் கரைசல். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பணம் வீணாகிறது.

பின்னணி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டி செல்லுக்கு முதல் சிக்னல் அதன் ஆன்டிஜென் ஏற்பி வழியாக வரும். ஆய்வகத்தில் அதற்குப் பதிலாக, அந்த ஏற்பியோடு சேர்ந்திருக்கும் சிடி3-ஐ ஆன்டிபாடியால் பிடிக்கிறோம். இரண்டாவது சிக்னல் துணைத் தூண்டல். சிடி28 அதில் முதன்மையானது. உடலில் அதைத் தொடுபவை சிடி80, சிடி86 என்ற இரண்டு புரதங்கள். முதல் சிக்னல் மட்டும் கிடைத்தால் ஓய்வில் இருந்த செல் அரைகுறையாக எழும், இன்டர்லூகின்-2 (பெருக்கத்தைத் தூண்டும் சைட்டோகைன், அதாவது செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதம்) சரியாகச் சுரக்காது, சில சமயம் மரத்துப்போய்விடும்.

## எதைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல் நோக்கம். பார்ப்பதற்கா, தூண்டுவதற்கா, தடுப்பதற்கா? ஏற்பியில் ஒட்டுகிற ஆன்டிபாடி எல்லாம் ஏற்பியை இயக்கிவிடாது. இயக்குகிற ஆன்டிபாடியும் எல்லா வடிவத்திலும் இயக்காது. இரண்டு கையாலும் பிடித்தால் தூண்டும் ஒரு குளோனின் (ஒரே மூலச் செல்லிலிருந்து வரும் ஆன்டிபாடியின்) ஒற்றைக் கைத் துண்டு, அதே சிடி28-ஐத் தடுத்துவிடும்.

இரண்டாவது, இரண்டு சிக்னலையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியுமா? துணைத் தூண்டலைப் படிப்பவருக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை.

மூன்றாவது, குழியில் இருக்கும் செல் எது? முழு பிபிஎம்சியா (ரத்தத்திலிருந்து எடுத்த வெள்ளணுக் கலவை), பிரித்தெடுத்த டி செல்லா, ஜுர்கட்டா (ஆய்வகத்தில் வளரும் மனித டி செல் வரிசை), எலியின் மண்ணீரலா? மனிதச் சிடி28-க்கான சிடி28.2 குளோன் எலியின் சிடி28-இல் வேலை செய்யாது. எலிக்கு 37.51, அதோடு சிடி3-க்கு 145-2சி11. இரண்டுமே ஹாம்ஸ்டர் ஆன்டிபாடிகள், அதனால் இரண்டாம்நிலை ஆன்டிபாடி வாங்கும்போது எலிக்கு எதிரானது, ரேட்டுக்கு (பெரிய எலி இனத்துக்கு) எதிரானது என்று எடுத்துவிடாதீர்கள்.

நான்காவது, பிறகு எதை அளக்கப் போகிறீர்கள்? எலைசாவா (சுரந்த புரதத்தை அளப்பது), ஃப்ளோவா (நிறமேற்றிய செல்லை ஒவ்வொன்றாகப் பார்ப்பது), சிஎஃப்எஸ்இ என்ற சாயம் வைத்துப் பெருக்கமா?

கடைசியாக, பாட்டிலுக்கு வெளியே இருக்கும் செலவு. கொட்டேஷனில் இது தெரியாது.

| | பிளேட் சிடி3 + கரைசல் சிடி28 | பீட்ஸ் | ரெடிமேட் கரைசல் | சிடி80/சிடி86 புரதம் |
|---|---|---|---|---|
| சிக்னலைத் தனித்தனியாக மாற்ற | முடியும் | ஆயத்த பீட்ஸில் முடியாது | முடியாது | முடியும் |
| ஒரு குழிக்கு ஆகும் செலவு | மிகக் குறைவு | அதிகம் | அதிகம் | அதிகம் |
| கூடுதல் கருவி | இல்லை | காந்தம் | இல்லை | இல்லை |
| ஆளுக்கு ஆள் மாறும் கைவாகு | அதிகம் | குறைவு | மிகக் குறைவு | நடுத்தரம் |
| ஃப்ளோவுக்கு முன் | அப்படியே எடுக்கலாம் | பீட்ஸை நீக்க வேண்டும் | கழுவினால் போதும் | அப்படியே எடுக்கலாம் |
| பொருத்தமான வேலை | துணைத் தூண்டல் ஆய்வு | செல் பெருக்குதல் | செல் பெருக்குதல், மரபணு மாற்றம் | இயற்கையான பிணைப்பைப் படிக்க |

## பிளேட்டில் சிடி3, கரைசலில் சிடி28

மனித செல்லுக்கு வழக்கமான ஜோடி ஓகேடி3-யும் (சிடி3-க்கான குளோன்) சிடி28.2-வும். ஓகேடி3-ஐ பிபிஎஸ் உப்புக் கரைசலில் கலந்து குழியில் ஊற்றி, 37 டிகிரியில் இரண்டு மணி நேரமோ குளிர்ப்பெட்டியில் ஓர் இரவோ வைத்து, ஒட்டாததைக் கழுவிவிட்டு, செல்லையும் சிடி28.2-வையும் சேர்ப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிடி28.2-ஐ ஒரு மில்லிக்கு 1 மைக்ரோகிராம் வீதம், 200 மைக்ரோலிட்டர் குழியில் போட்டால் ஒரு குழிக்கு 0.2 மைக்ரோகிராம். 100 மைக்ரோகிராம் சிறிய பாட்டிலே 500 குழிக்கு வரும், அதாவது 96 குழி பிளேட் ஐந்துக்கு. பூசுவதற்கு ஓகேடி3-ஐ அதே அடர்த்தியில் 100 மைக்ரோலிட்டர் விட்டால் 1000 குழி. ஒரு முதுகலைப் படிப்பு முழுக்க இரண்டு சிறிய பாட்டிலில் ஓடிவிடும். பெரிய பாட்டில் மலிவு என்று முகவர் சொல்வார். கேட்காதீர்கள், காலாவதியாகிக் குப்பைக்குத்தான் போகும்.

இந்த முறையின் உண்மையான பலம் விலை அல்ல. சிடி3 மட்டும், சிடி28 மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாமல் என்று நான்கு நிலையையும் ஒரே பிளேட்டில் வைக்க முடிகிறது. சிடி28.2 மட்டும் போட்ட குழியில் ஓய்வு டி செல் பெருகக் கூடாது. பெருகினால் உங்கள் ஏற்பாட்டில் ஏதோ கோளாறு. சிடி3-இன் அளவை ஏற்றி இறக்கிப் பார்ப்பதும் இங்கேதான் முடியும். இதைப் பலர் செய்வதில்லை. ஓகேடி3-ஐ அதிகமாகப் பூசினால் செல் அதிலேயே முழு வேகத்தில் ஓடும், சிடி28 சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வித்தியாசம் தெரியாது. "என் மருந்து துணைத் தூண்டலைப் பாதிக்கவில்லை" என்று எழுதிவிடுவீர்கள். முதலில் ஓகேடி3-ஐப் படிப்படியாகக் குறைத்து, சிடி28 இல்லாமல் கொஞ்சம், இருந்தால் நிறைய என்று இடைவெளி தெரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்தப் புள்ளியில்தான் உங்கள் பரிசோதனை.

இனி மறைமுகச் செலவு. வாங்கும் ஆன்டிபாடியில் சோடியம் அசைடு இருக்கக் கூடாது. ஸ்டெய்னிங்குக்கு (செல்லுக்கு நிறமேற்றிப் பார்ப்பதற்கு) வரும் ப்யூரிஃபைட் பாட்டிலில் கெட்டுப்போகாமலிருக்க அசைடு சேர்த்திருப்பார்கள். அது செல்லின் மூச்சையே நிறுத்தும் பொருள். டீசால்டிங் காலமில் (சிறு மூலக்கூறுகளைப் பிரிக்கும் குழாயில்) நீக்கலாம்தான், ஆனால் அந்தக் குழாயின் விலை, வீணாகும் ஆன்டிபாடி, உங்கள் அரை நாள் எல்லாம் சேர்த்தால் ஃபங்ஷனல் கிரேட் வாங்குவதே மலிவு.

அடுத்தது எண்டோடாக்ஸின் (பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் நச்சு). இதன் அளவு குறைவாக இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஏன் என்று யோசிப்பவர்கள் குறைவு. பிபிஎம்சியில் மோனோசைட் (இன்னொரு வகை வெள்ளணு) இருக்கிறது. எண்டோடாக்ஸின் பட்டால் அது சைட்டோகைனைக் கொட்டும், கூடவே தன் மேல் சிடி80-யும் சிடி86-உம் ஏற்றிக்கொள்ளும். அதாவது நீங்கள் அளக்க நினைத்த துணைத் தூண்டலையே வேறொரு வாசல் வழியாக உள்ளே விடுகிறீர்கள்.

ஐசோடைப் கண்ட்ரோலும் (அதே வகை, ஆனால் இந்தச் செல்லில் ஒட்டாத ஒப்பீட்டு ஆன்டிபாடி) அசைடு இல்லாததாக, அதே அளவில் வேண்டும். பட்ஜெட்டில் இதை விட்டுவிட்டுப் பிறகு அடுத்த ஆண்டு மானியத்துக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு.

குறை என்று சொன்னால் கைவாகு. பூசிய திரவம் குழியின் அடியில் சமமாகப் பரவாவிட்டால், ஓரக் குழிகள் இன்குபேட்டரில் காய்ந்துவிட்டால், மூன்று ரிப்ளிகேட்டும் மூன்று கதை சொல்லும். ஓரக் குழியில் வெறும் பிபிஎஸ் ஊற்றிவிட்டு உள்குழிகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

### நம் ஊர் ரத்தத்துக்கு ஒரு கவனம்

பிளேட்டில் பூசுவதற்குச் சோம்பல்பட்டு, சிடி3 ஆன்டிபாடியையும் கரைசலாகவே பிபிஎம்சியில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதுவும் வேலை செய்யும். எப்படி என்றால், மோனோசைட் தன் எஃப்சி ஏற்பியால் ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக்கொண்டு பிளேட் செய்யும் வேலையைச் செய்கிறது. பிரித்தெடுத்த டி செல்லில் மோனோசைட் இல்லை, அதனால் அங்கே இந்த வழி படுத்துவிடும்.

ஆனால் இதில் ஒரு பொறி. ஓகேடி3 எலி ஐஜிஜி2ஏ வகை ஆன்டிபாடி. யூசிஎச்டி1 என்ற இன்னொரு பிரபல குளோன் ஐஜிஜி1. எலி ஐஜிஜி1-ஐப் பிடிப்பது முக்கியமாக எஃப்சி காமா ஏற்பி 2ஏ. அதில் மனிதர்களுக்குள் இரண்டு வடிவம் உண்டு. 131-ஆம் இடத்தில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் இருந்தால் பிடி வலு, ஹிஸ்டிடின் இருந்தால் பலவீனம். ஹிஸ்டிடின் வடிவம் சீன, ஜப்பானிய மக்களிடையே ஐரோப்பியர்களைவிட அதிகம். மலாய், சீன, இந்திய டோனர் என்று மூன்று பக்கமும் ரத்தம் எடுக்கும் நம் லேப்களில், யூசிஎச்டி1-ஐக் கரைசலாகப் போட்டால் டோனருக்கு டோனர் பதில் மாறும். அது டி செல்லின் குணம் அல்ல, ஆன்டிபாடியின் வால் செய்யும் வேலை. பிளேட்டில் பூசிவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். கரைசலாகத்தான் போடுவேன் என்றால் ஓகேடி3.

டோனரின் வயதையும் குறித்து வையுங்கள். டி செல்லின் இரண்டு முக்கிய வகை சிடி4, சிடி8. இளம் வயதில் சிடி4 செல்லில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் சிடி28 இருக்கும், சிடி8-இல் அதைவிடக் குறைந்த அளவில் இருக்கும். வயதாக ஆக, குறிப்பாகச் சிஎம்வி வைரஸ் தொற்றியவர்களிடம், சிடி28 இல்லாத சிடி8 செல்கள் பெருகிவிடும். அவர்களிடம் சிடி28.2 எவ்வளவு ஊற்றினாலும் பிடிக்க ஆள் இல்லை.

## பீட்ஸ்

டைனாபீட்ஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும்: 4.5 மைக்ரான் காந்த உருண்டை, மேலே சிடி3, சிடி28 ஆன்டிபாடி இரண்டும். கார்ல் ஜூன், புரூஸ் லெவீன் குழுவினர் 1990-களில் டி செல்லைப் பெருக்கக் கையாண்ட இந்த வழிதான் பிறகு கார்-டி சிகிச்சைக்கு (மரபணு மாற்றிய டி செல்லால் புற்றுநோயைத் தாக்குவது) செல் தயாரிக்கப் பயன்பட்டது. செல் அளவு உருண்டை என்பதால் ஆன்டிஜென் காட்டும் செல்லைப் போல நடந்துகொள்ளும், சிக்னல் வலுவாக இருக்கும், பூசுகிற வேலை இல்லை.

ஒரு மில்லியன் செல்லுக்கு 25 மைக்ரோலிட்டர் என்பது ஆய்வுக்கான பாட்டிலின் அளவு, ஒன்றுக்கு ஒன்று விகிதம். 2 மில்லி பாட்டிலில் 80 மில்லியன் செல் தூண்டலாம். ஃப்ளோவுக்கோ மரபணு மாற்றத்துக்கோ செல் வளர்ப்பவருக்கு இது தாராளம்.

இதன் மறைமுகச் செலவுகள் மூன்று. காந்தம் தனியாக வாங்க வேண்டும். பக்கத்து லேபில் இரவல் கிடைத்தால் நல்லது. ஃப்ளோவுக்கு முன் பீட்ஸை நீக்க வேண்டும். செல்லோடு கெட்டியாக ஒட்டியிருக்கும் ஆரம்ப நாள்களில் நன்றாகக் கலக்கிப் பிரிக்காவிட்டால் காந்தம் பீட்ஸோடு செல்லையும் இழுத்துக்கொண்டு போய்விடும், அதுவும் நன்றாகத் தூண்டப்பட்ட செல்லைத்தான். மூன்றாவது, சிடி3-ஐயும் சிடி28-ஐயும் பிரிக்க முடியாது. "சிடி28 இல்லாமல் என்ன ஆகும்" என்று ரிவ்யூவர் கேட்டால் கையில் பதில் இல்லை.

சொந்தமாகப் பூசும் பீட்ஸும் கிடைக்கிறது: பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடிகளை நாமே விருப்பம்போல் ஏற்றிக்கொள்ளலாம். வேலை கூடுதல், ஆனால் கீழே சொல்லப்போகும் 4-1பிபி, ஓஎக்ஸ்40 (வேறு துணைத் தூண்டல் ஏற்பிகள்) ஆட்களுக்கு இதுதான் சிறந்த வழி என்பேன்.

## ரெடிமேட் கரைசல்

டிரான்ஸ்ஆக்ட் போன்ற நானோ அளவு பாலிமரும், ஆன்டிபாடிகளை நான்கு நான்காகப் பிணைத்த இம்யூனோகல்ட் போன்ற கரைசலும் இந்த வகை. ஊற்றினால் போதும். காந்தம் வேண்டாம், வேலை முடிந்ததும் கழுவினால் போய்விடும். இன்று சேர்ந்த மாணவர் செய்தாலும், சீனியர் செய்தாலும் ஒரே முடிவு வரும்.

எனக்கு இதில் பிடிக்காதது, உள்ளே எந்த ஆன்டிபாடி எவ்வளவு என்பது தெரியாது என்பதுதான். கட்டுரையின் செய்முறைப் பகுதியில் "நிறுவனம் சொன்ன அளவு" என்று மட்டும் எழுத முடியும். லென்டிவைரஸ் (செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் வைரஸ்) ஏற்றுவது, செல் பெருக்குவது என்றால் அது பரவாயில்லை.

## சிடி80, சிடி86 புரதம்

ஆன்டிபாடியே வேண்டாம், இயற்கையான கையையே கொடுக்கலாம் என்பவர்களுக்கு. எஃப்சி வால் ஒட்டிய சிடி80 அல்லது சிடி86 புரதத்தைப் பூசலாம். நினைவில் வைக்க வேண்டியது, இரண்டும் சிடிஎல்ஏ-4-இலும் (டி செல்லை அடக்கும் ஏற்பி) ஒட்டும், அதுவும் சிடி28-ஐவிட வலுவாக. செல் தூண்டப்பட்டதும் சிடிஎல்ஏ-4 மேலே வரும், கணக்கு மாறும். சிடி80 கூடுதலாகப் பிடி-எல்1 என்ற இன்னொரு புரதத்தையும் பிடிக்கும். தடுப்பு மருந்துகளை ஆராய்பவருக்குத் தேவை, மற்றவர்களுக்கு இல்லை.

## குளோன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை

தேடலில் "சூப்பர் அகோனிஸ்ட்" (அகோனிஸ்ட் என்றால் ஏற்பியை இயக்குவது) என்று சிடி28 ஆன்டிபாடிகள் வரும். சிடி28.2 போன்ற வழக்கமான குளோன்கள் லிகண்ட் (அதாவது சிடி80, சிடி86) ஒட்டும் இடத்தின் அருகே பிடிப்பவை. சூப்பர் வகை பக்கவாட்டில், வேறு ஒரு வளைவில் பிடிக்கிறது, முதல் சிக்னல் இல்லாமலே செல்லை எழுப்பிவிடும். 2006 மார்ச் 13 அன்று லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் டிஜிஎன்1412 என்ற இந்த வகை மருந்தை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்குக் கொடுத்தபோது ஆறு பேருக்கும் சைட்டோகைன் புயல் அடித்துத் தீவிர சிகிச்சை வரை போனது. குரங்குகளில் பிரச்சினையே தெரியவில்லை. அந்தக் குரங்குகளின் எஃபெக்டர் மெமரி (முன்பே ஆன்டிஜெனைச் சந்தித்த) சிடி4 செல்லில் சிடி28 இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. சாதாரண துணைத் தூண்டல் ஆய்வுக்கு இந்த வகையை வாங்காதீர்கள், "வலுவாகத் தூண்டும்" என்ற ஒரு வரியைப் பார்த்து மயங்கவும் வேண்டாம்.

## 4-1பிபி, ஓஎக்ஸ்40, ஐகாஸ் பக்கம் போகிறவர்களுக்கு

சிடி28-இல் கற்ற பாடத்தை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வர முடியாது. சிடி28-உம் சிடி27-உம் ஓய்வு செல்லிலேயே இருக்கும். 4-1பிபி, ஓஎக்ஸ்40, ஐகாஸ் மூன்றும் செல் தூண்டப்பட்ட பிறகு, 24 மணி நேரம் கடந்துதான் நன்றாகத் தெரியும். முதல் நாளே ஆன்டிபாடியைச் சேர்த்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஏற்பி வரவில்லையா, ஆன்டிபாடி சரியில்லையா என்று தெரியாது.

4-1பிபி, ஓஎக்ஸ்40, சிடி27, ஜிஐடிஆர் எல்லாம் டிஎன்எஃப் ஏற்பிக் குடும்பம். இவை கொத்தாகச் சேர்ந்தால்தான் சிக்னல். பிரித்தெடுத்த டி செல்லில் கரைசலாக ஊற்றும் ஆன்டிபாடி பல சமயம் வெறுமனே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பீட்ஸிலோ பிளேட்டிலோ பூசியே ஆக வேண்டும். மருந்துகளில்கூட இந்த வித்தியாசம் தெரிந்தது: 4-1பிபி-க்கு எதிரான யுரெலுமாப் வலுவான அகோனிஸ்ட், கல்லீரல் பாதிப்பால் டோஸைக் குறைக்க வேண்டியதாயிற்று, அதே ஏற்பிக்கான உட்டோமிலுமாப் சாது, பலனும் மிதம்தான். ஒரே ஏற்பி, குளோன் வேறு.

எலியில் ஊசி போடுபவர்கள் வாலையும் பார்க்க வேண்டும். ஜிஐடிஆர்-க்கு எல்லாரும் பயன்படுத்தும் டிடிஏ-1 குளோன் ரேட் ஐஜிஜி2பி. கட்டிக்குள் இருக்கும் ரெகுலேட்டரி டி செல்லை (மற்ற டி செல்லை அடக்குவதை) அது எஃப்சி வழியாக அழித்தும்விடுகிறது. கட்டி சுருங்கியது துணைத் தூண்டலாலா, அந்த அழிவாலா என்று பிரித்துச் சொல்ல எஃப்சி செயல்படாத வடிவமும் வேண்டும். இரட்டைச் செலவு.

ஐகாஸில் மட்டும் ஒரு சௌகரியம். சி398.4ஏ குளோன் மனிதன், எலி, ரேட் மூன்றிலும் பிடிக்கும். இரண்டு மாடலும் ஓடுகிற லேபுக்கு ஒரு பாட்டில் போதும்.

## தூண்டியதையே பார்க்க நினைத்தால்

அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இது. சிடி28.2-ஆல் தூண்டிவிட்டு, மூன்று நாள் கழித்து நிறம் ஒட்டிய சிடி28.2-ஆல் ஸ்டெய்ன் செய்தால் சிடி28 "காணாமல் போயிருக்கும்". கொஞ்சம் உண்மையிலேயே உள்ளே இழுக்கப்பட்டிருக்கும், மீதி பழைய ஆன்டிபாடியால் மூடப்பட்டிருக்கும். வேறு குளோன் வாங்கினாலும் அது பக்கத்திலேயே பிடிப்பதாக இருந்தால் அதே கதை. தூண்டாத செல்லில், நிறமில்லாத சிடி28.2-ஐ முதலில் ஒட்டவிட்டுப் பிறகு புதிய குளோனைச் சேர்த்துப் பாருங்கள். சிக்னல் குறையவில்லை என்றால் வாங்கியது பலன். சிடி3-க்கும் இதே தொல்லை உண்டு. ஓகேடி3 போட்ட கல்ச்சரில் டி செல்லை அடையாளம் காணச் சிடி3 வேண்டாம், சிடி5-ஐயோ, சிடி4, சிடி8-ஐயோ வைத்து கேட் போடுங்கள் (அந்தச் செல்களை மட்டும் பிரித்துப் பாருங்கள்). சிஎஃப்எஸ்இ பச்சை, அதனால் எஃப்ஐடிசி நிறத்தில் (அதுவும் பச்சை) எதையும் ஆர்டர் செய்யாதீர்கள்.

ரத்தத்துக்கு நெறிமுறைக் குழு அனுமதி வரும்வரை ஜுர்கட்டில் ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார்கள். டைட்ரேஷனுக்கு (சரியான அளவைத் தேடுவதற்கு) தாராளமாக: சிடி3-உம் சிடி28-உம் இருக்கிறது, 24 மணி நேரத்தில் இன்டர்லூகின்-2 எலைசாவில் வரும். ஆனால் ஜுர்கட்டில் பிடென் (பிஐ3கே என்ற உள்சிக்னல் பாதையை அடக்கும் புரதம்) இல்லை. அதனால் பிஐ3கே பாதை எப்போதும் திறந்தே கிடக்கும். சிடி28 அந்தப் பாதையைத் திறக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், ஜுர்கட் சொல்லும் பதிலை நம்ப முடியாது.

## ஆர்டர் போடும் முன்

முகவரிடம் கேட்க வேண்டியவை: குளோன் பெயர், ஐசோடைப், அசைடு உண்டா, எண்டோடாக்ஸின் அளவு, எங்கிருந்து வருகிறது, எத்தனை வாரம். வெளிநாட்டிலிருந்து வருவது என்றால் சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி வாரங்களைத் தவிர்த்து, வாரத் தொடக்கத்தில் லேபுக்கு வந்து சேரும்படி கேளுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தில் வந்து இறங்கும் ஐஸ் பெட்டி திங்கள்வரை யார் கண்ணிலும் படாது, நம் வெயிலுக்கு ஐஸ் தாங்காது. வந்ததும் பிஇ, ஏபிசி நிறம் ஒட்டியவற்றை ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள், 4 டிகிரியில் இருட்டில் வையுங்கள். பீட்ஸும் ஃப்ரீசருக்குப் போகக் கூடாது. மூன்று ஆண்டு ஓடும் முனைவர் பட்ட வேலை என்றால் லாட் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, பழைய பாட்டில் தீர்வதற்கு முன்பே புதிய லாட்டை வாங்கி, இரண்டையும் ஒரே டோனரின் செல்லில் ஒரே நாளில் போட்டுப் பாருங்கள்.